பதினைந்து வளைவா, ஒரே வளைவா?



சென்ற ஆண்டு நாங்கள் கொல்லிமலைக்குச் சுற்றுலா சென்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பேருந்து அடிவாரத்தை விட்டு ஏறத் தொடங்கியதும், பாதையோரப் பலகைகளைப் பார்த்துக் கொண்டை ஊசி வளைவுகளை உரக்க எண்ண ஆரம்பித்தோம். இருபது வரை பாட்டாகவே எண்ணினோம். முப்பதில் பாதிப்பேரின் குரல் அடங்கிவிட்டது. நாற்பதைத் தாண்டியபோது எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கண்ணை மூடியவர்களே மிகுதி. எழுபதாவது வளைவையும் எண்ணி முடித்தவர்கள் இருவர் மட்டுமே. அவர்கள் அதை இன்றுவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

திரும்பி வந்த மறு வாரம், புவியியல் வகுப்பில் சிஸ்டர் ஒரு கேள்வி கேட்டார்கள். "அத்தனை வளைவு எதற்குப் பிள்ளைகளே? நேராக ஒரு பாதை போட்டால் என்ன?" மலை செங்குத்தாக இருக்கிறது, வண்டி ஏறாது என்று சொன்னோம். "சரி, ஏறுகிற மாதிரியும் இருக்க வேண்டும், வளைவும் இருக்கக்கூடாது என்றால் என்ன செய்வீர்கள்?" என்றார்கள். எங்களுக்கு விடை தெரியவில்லை. அப்போதுதான் அமெரிக்க நாட்டின் மலைச்சாலை ஒன்றின் வரலாற்றைச் சொன்னார்கள். அதில் பதினைந்து கொண்டை ஊசி வளைவுகள் வரவிருந்தனவாம். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் போட்டார்களாம். அந்தச் சாலையைப் பற்றி நூலகத்திலும் பிற இடங்களிலும் தேடிப் படித்தவற்றையும், அதனால் எங்களுக்குள் எழுந்த ஒரு சண்டையையும் இங்கே எழுதுகிறோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்கில், கனடா நாட்டை ஒட்டி, மான்டனா என்னும் மாநிலம் இருக்கிறது. உலகப்படத்தில் ராக்கி மலைத்தொடரை விரலால் தொட்டுக்கொண்டே வடக்கே போனால், கனடாவின் எல்லைக்கோட்டை எட்டும் இடத்தில் இருப்பது கிளேசியர் தேசியப் பூங்கா. பூங்கா என்றதும் நம் ஊரில் ஊஞ்சலும் சறுக்குமரமும் உள்ள இடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இதன் பரப்பு ஏறத்தாழ 4,100 சதுர கிலோமீட்டர். கரடிகளும், வெண்ணிற மலையாடுகளும், ஏரிகளும், பனியாறுகளும் நிறைந்த மலைக்காடு அது. 1910-ஆம் ஆண்டு மே மாதத்தில் அதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அங்குள்ள பாறைகள் நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை. பூமியின் அசைவினால் அவை பெயர்ந்து நகர்ந்து, தம்மைவிட மிகவும் இளைய பாறைகளின்மேல் ஏறி அமர்ந்திருக்கின்றன. பாட்டி பேத்தியின் தோளில் ஏறிக்கொண்டதுபோல என்று எங்களுள் ஒருத்தி சொன்னாள்.

அந்த மலைகள் யாருடையவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிளாக்ஃபீட் என்னும் பழங்குடி மக்கள் அவற்றை 'உலகத்தின் முதுகெலும்பு' என்று அழைத்தனர். அவர்கள் வாழ்வு காட்டெருமையை நம்பியிருந்தது. வெள்ளையர் வேட்டையாடிக் காட்டெருமைகளை அழித்தபின், 1883–84 குளிர்காலத்தில் அம்மக்களில் நூற்றுக்கணக்கானோர் பட்டினியால் மாண்டனர். வறுமை தொடர்ந்தது. 1895-ஆம் ஆண்டு ஓர் உடன்படிக்கையின் வழியாக மலைப்பகுதியை 15 லட்சம் டாலருக்கு அரசிடம் விட்டுக்கொடுத்தார்கள். பிற்காலத்துப் பூங்காவின் கிழக்குப் பாதி இப்படிப் பெற்ற நிலம்தான். சாலையின் கதையைப் பலர் 1910-இல் தொடங்குகிறார்கள். எங்களுக்கு அப்படித் தொடங்க மனம் வரவில்லை.

பூங்கா பிறந்த காலத்தில் அதற்குள் செல்வது எளிதாக இல்லை. தெற்கு விளிம்பில் இரயில் பாதை 1891-லேயே வந்துவிட்டது. இரயிலை விட்டு இறங்கியவர்கள் குதிரையேறி நாள்கணக்கில் மலைக்குள் பயணம் செய்தார்கள். இரவில் இரயில்வே நிறுவனத்தார் கட்டிய விடுதிகளில் தங்கினார்கள். இதற்கெல்லாம் பணமும் ஓய்வும் வேண்டும். சொந்தக் கார் வைத்திருந்தவர்களின் நிலைமைதான் வேடிக்கை. மலைத்தொடரின் மேற்கே வந்துவிட்டவர் கிழக்கே போக வேண்டுமானால், காரை இரயிலில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தாமும் கூடவே செல்ல வேண்டும். கார் மனிதனைச் சுமக்காமல் மனிதன் காருக்குப் பயணச்சீட்டு வாங்கிய காலம் அது!

தேசியப் பூங்காக்களை மேற்பார்க்கும் துறை ஒன்று அந்நாட்டில் ஏற்பட்டபோது அதன் முதல் இயக்குநராக வந்தவர் ஸ்டீபன் மேத்தர். சாதாரண மக்களும் தங்கள் வண்டியில் வந்து மலைகளைக் காண வேண்டும் என்பது அவர் ஆசை. அதே சமயம், பூங்கா முழுவதும் சாலைகளாகிவிடக் கூடாது என்றும் நினைத்தார். பெரிய சாலை ஒன்று மட்டும் குறுக்கே போகட்டும், மற்ற இடமெல்லாம் காடாகவே இருக்கட்டும் என்பது அவர் கொள்கை. ஒரே ஒரு சாலைதான் என்றால் அது எந்த வழியாகப் போக வேண்டும்? இங்குதான் சண்டை தொடங்குகிறது.

சண்டைக்குமுன் ஒரு சிறு கணக்கு. கணக்கென்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மலையின் மேற்கே மெக்டானல்டு ஏரியின் மட்டம் கடலுக்கு மேல் 3,153 அடி. மலைத்தொடரைத் தாண்ட வேண்டிய லோகன் கணவாயின் உயரம் 6,646 அடி. கழித்துப் பாருங்கள், ஏறத்தாழ 3,500 அடி ஏற வேண்டும். வண்டிகள் திணறாமல் ஏற, 100 அடித் தொலைவுக்கு 6 அடிக்கு மேல் உயரக்கூடாது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் சாலையின் நீளம் குறைந்தது 58,000 அடி, அதாவது 11 மைல் வரும். கணவாயோ பள்ளத்தாக்குக்கு நேர் மேலே தலையில் இடிப்பதுபோல நிற்கிறது. இந்தப் பதினொரு மைலை எங்கே கொண்டுபோய் வைப்பது?

தையல் வகுப்பில் நாம் பயன்படுத்தும் அளவு நாடாவை நினைத்துக்கொள்ளுங்கள். நீளமான நாடாவைச் சிறிய பெட்டிக்குள் வைக்க வேண்டுமென்றால் மடித்து மடித்து வைக்கிறோம். கொல்லிமலையில் நாம் கண்டதும் அதுதான். மடிப்பு ஒவ்வொன்றும் ஒரு கொண்டை ஊசி வளைவு. பூங்காத் துறையின் தலைமைப் பொறியாளர் ஜார்ஜ் குட்வினும் அப்படித்தான் எண்ணினார். அவர் 1918-ஆம் ஆண்டிலேயே அப்பகுதியை அளந்து வழி குறித்தவர். கணவாய்க்குக் கீழே உள்ள லோகன் ஓடையின் குறுகிய பள்ளத்தாக்கில் சாலையை மடித்து மடித்து ஏற்ற வேண்டும். அதற்கு வளைவுகள் பதினைந்து. செலவும் குறைவு. கெட்டிக்காரப் பொறியாளர் எவரும் அன்று அதைத்தான் சொல்லியிருப்பார்.

1924-ஆம் ஆண்டில் மேத்தரும் மற்றவர்களும் குதிரைகளில் அந்த இடத்தைப் பார்க்கச் சென்றார்கள். கூடச் சென்றவர்களில் ஒருவர் தாமஸ் விண்ட் என்ற இளைஞர். அவர் பொறியாளர் அல்லர். நிலத்தின் தோற்றம் கெடாமல் கட்டடங்களையும் பாதைகளையும் எப்படி அமைப்பது என்பதைப் படித்தவர். குட்வினின் திட்டத்தைக் கேட்டு அவர் சொன்ன கருத்து இன்றுவரை பேசப்படுகிறது. அவ்வளவு வளைவுகளையும் வெட்டிவிட்டால், யாரோ சுரங்கம் தோண்டிவிட்டுப் போன இடம்போல அந்தப் பள்ளத்தாக்கு காட்சியளிக்கும் என்றார். அவர் சொன்ன மாற்றுவழி என்ன தெரியுமா? நாடாவை மடிக்காமல் நீட்டி வைப்பது! கணவாய்க்குக் கீழே வந்ததும் ஏறத் தொடங்காமல் அதைக் கடந்து வடக்கே பள்ளத்தாக்கோடு போய்விட வேண்டும். தொலைவில் ஒரு வளைவு, ஒன்றே ஒன்று, திரும்ப வேண்டும். பிறகு 'கார்டன் வால்', அதாவது தோட்டச் சுவர் என்று பெயர் பெற்ற நெடிய பாறைச்சரிவின் இடுப்பைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல ஏறித் தெற்கே கணவாய்க்கு வந்துசேர வேண்டும்.

கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. அந்தத் தோட்டச் சுவரில் தோட்டமும் இல்லை, நிற்க இடமும் இல்லை! சாலையின் ஒவ்வோர் அடியையும் பாறையில் வெட்டியெடுக்க வேண்டும். செலவும் கூடும், நாளும் கூடும். இளைஞர் சொல்வதைக் கேட்பதா, தலைமைப் பொறியாளர் சொல்வதைக் கேட்பதா? மேத்தர், நாட்டுச் சாலைகளைப் போடும் அரசுத்துறையிலிருந்து ஃபிராங்க் கிட்ரெட்ஜ் என்ற பொறியாளரை வரவழைத்து, அளந்து பார்த்துச் சொல்லுமாறு பணித்தார்.

கிட்ரெட்ஜ் வேலையைத் தொடங்கியது செப்டம்பர் மாதத்தில். அவ்வூரில் குளிர்காலம் கதவைத் தட்டும் நேரம். 32 பேர் கொண்ட குழு 21 மைல் தொலைவை அளந்தது. நாள்தோறும் காலையில் 2,000 அடிக்கும் மேல் ஏறினால்தான் வேலை செய்ய வேண்டிய இடத்தையே அடையலாம். ஒருவர் கால் வைக்கும் அகலமே உள்ள பாறை விளிம்புகளில் நடந்தார்கள். அதுவும் இல்லாத இடத்தில் கயிற்றில் தொங்கி அளந்தார்கள். பலர் வந்த வேகத்திலேயே ஓடிவிட்டனர். மூன்று மாதங்களுக்குள் குழுவின் எண்ணிக்கையைப் போல மூன்று மடங்கு ஆட்கள் மாறினராம்! நாங்கள் அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். எங்கள் பள்ளி மாடியின் கைப்பிடிச் சுவர் ஓரம் நின்றாலே எங்களில் சிலருக்குத் தலை சுற்றும்.

அளந்து முடித்த கிட்ரெட்ஜ், விண்ட் சொன்ன வழியே சரி என்றார். மேத்தரும் அதையே ஏற்றார். அடுத்த ஆண்டிலேயே குட்வின் பதவி விலகிவிட்டார். வரலாறு அவரைத் தோற்றவர் வரிசையில் வைத்துவிட்டது. ஆனால் அந்த மலையில் முதலில் கருவிகளைச் சுமந்துகொண்டு அலைந்தவர்களில் அவரும் ஒருவர் அல்லவா?

1925-ஆம் ஆண்டு கோடையில், மேற்குப் பக்கத்தின் 12 மைல் தொலைவுக்கு ஒப்பந்தக்காரர்கள் வேலையைத் தொடங்கினார்கள். ஒப்பந்தத்தில் இருந்த நிபந்தனைகளைப் பாருங்கள். பாறையைப் பிளக்கப் பெரிய வேட்டு வைக்கக்கூடாது. சிறு சிறு வேட்டுகளாகத்தான் வைக்க வேண்டும். பெரிய வேட்டு வைத்தால் உடைந்த பாறை சரிந்து கீழே உள்ள மரங்களையெல்லாம் அழித்துவிடும், மலைமுகத்தில் வடு விழும். கைப்பிடிச் சுவர், தாங்குசுவர், பாலம் எல்லாவற்றையும் அந்த மலையின் கல்லாலேயே கட்ட வேண்டும். சாலை எது மலை எது என்று தூரத்திலிருந்து பிரித்தறிய முடியாதபடி இருக்க வேண்டும் என்பது எண்ணம். இன்றும் பள்ளத்தாக்கிலிருந்து அண்ணாந்து பார்த்தால் மலைமேல் ஒரு மெல்லிய கோடுதான் தெரிகிறது. படத்தில் பார்த்தபோது, அதில் ஒரு கார் இருப்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு வெகுநேரம் ஆயிற்று.

அங்கே வேலை செய்யக்கூடிய காலம் மிகவும் குறுகியது. ஜூன் மாதம் வரை பனி விலகாது. அக்டோபரில் மீண்டும் மூடிவிடும். தொழிலாளர்களில் ஐரோப்பிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடிக் குடியேறியவர்கள் பலர். மலைமேலேயே முகாமிட்டுத் தங்கி, கோடைதோறும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறினார்கள். மேற்கே 192 அடி நீளக் குகைப்பாதை ஒன்றைக் குடைந்து, அதன் பக்கவாட்டில் இரண்டு சாளரங்களையும் திறந்தார்கள். சாளரத்தின் வழியே எதிரே உள்ள பனிச்சிகரம் சட்டமிட்ட படம்போலத் தெரியும். பாறை பிளந்து பள்ளம் விழுந்திருந்த ஓரிடத்தில் மூன்று கல் வளைவுகளைக் கட்டி, அதன்மேல் சாலையைக் கொண்டுபோனார்கள். 1928-ஆம் ஆண்டின் இறுதிக்குள் மேற்குச் சாலை லோகன் கணவாயை எட்டியது.

கிழக்குப் பக்கத்திலும் ஒரு குகைப்பாதை தேவைப்பட்டது. அதைப் படித்தபோதுதான் எங்களுக்கு உண்மையிலேயே மலைப்பு உண்டாயிற்று. அதன் நீளம் 408 அடி. இயந்திரம் எதையும் அந்த இடத்துக்குக் கொண்டுசெல்ல முடியவில்லை. ஆகவே வேட்டு வைத்து உடைத்த கற்களையெல்லாம் மனிதர்கள் கையாலேயே வெளியேற்றினார்கள். நாள் முழுவதும் பாடுபட்டால் முன்னேறக்கூடிய தொலைவு 5 அடி 4 அங்குலம். எங்கள் வகுப்பில் மிக உயரமானவளின் உயரம் சரியாக 5 அடி 4 அங்குலம். அவளைத் தரையில் படுக்க வைத்தால் எவ்வளவு இடம் பிடிப்பாளோ, அதுதான் அவர்களுடைய ஒரு நாள் உழைப்பு! கணக்குப் போட்டால் எழுபத்தாறு, எழுபத்தேழு நாள் வருகிறது. அதற்கிடையே பனி வந்து வேலையை நிறுத்தும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1932-ஆம் ஆண்டில் இருபுறச் சாலையும் இணைந்தது. 1933 ஜூலை 15-ஆம் நாள் கணவாயின் உச்சியில் திறப்புவிழா நடந்தபோது நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினர். பிளாக்ஃபீட் மக்களும், மலைக்கு அப்பால் வாழும் பிற பழங்குடியினரும் அவ்விழாவில் பங்கேற்றுத் தங்களுக்குள் சமாதானச் சடங்கு நடத்தினார்கள். முதலில் 'மலை கடக்கும் நெடுஞ்சாலை' என்று பொருள்படும் வறட்டுப் பெயர்தான் வைத்திருந்தார்கள். பிறகு அருகிலுள்ள ஒரு மலையின் பெயரையே சூட்டினார்கள்: 'கதிரவனை நோக்கிச் செல்லும் சாலை'. பிளாக்ஃபீட் மக்களுக்கு வாழும் வகையைக் கற்பிக்க வானிலிருந்து இறங்கிவந்த ஒருவர், கதிரவனிடம் திரும்பிச் செல்லும்போது அந்த மலையில் தம் உருவத்தை விட்டுச்சென்றார் என்று ஒரு கதை சொல்லப்படுகிறது. வெள்ளையர் ஒருவரே இப்பெயரை வைத்தார் என்று சொல்பவர்களும் உண்டு. மேத்தர் திறப்புவிழாவைக் காணவில்லை. 1930-ஆம் ஆண்டிலேயே அவர் காலமாகிவிட்டார்.

இனி எங்கள் சண்டைக்கு வருவோம்.

சிஸ்டர் வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி குட்வின் பக்கமும் மறு பாதி விண்ட் பக்கமும் பேசச் சொன்னார்கள். நாங்கள் விண்ட் பக்கம். வெற்றி எங்களுக்குத்தான் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டோம். மலையின் அழகு, மரங்கள், எதிர்காலத் தலைமுறை என்று அடுக்கினோம். சாலை 1997-இல் நாட்டின் வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டதையும் சொன்னோம். பதினைந்து வளைவில் ஏறியிருந்தால் யாருக்கு அந்தப் பெருமை கிடைத்திருக்கும் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தோம். எங்கள் பக்கத்துக் கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு தோழி எழுந்தாள். அதிகம் பேசாதவள். அவள் தந்தை கல்குவாரியில் வேலை செய்கிறார். "வேலை நடந்தபோது எத்தனை பேர் செத்தார்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

நாங்கள் படித்திருந்தோம். மூன்று பேர். இருவர் பாறையிலிருந்து தவறி விழுந்தார்கள். ஒருவர்மேல் மேலிருந்து கல் விழுந்தது. எங்கள் குறிப்பேட்டில் அது இருந்தது. பேச்சில் சேர்க்காமல் விட்டுவிட்டோம். ஏன் விட்டோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. அது எங்கள் கட்சிக்கு உதவாது என்றுதான்.

"பள்ளத்தாக்கில் சாலை போட்டிருந்தால் கயிற்றில் தொங்கியிருக்க வேண்டியதில்லையே. வேட்டுச் சத்தம் கேட்டால் எங்கள் வீட்டில் அம்மா சோற்றை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்பாள். சாலையைப் பார்க்க வருகிறவர்களுக்கு அது அழகு. போட்டவர்களுக்கு?" என்றாள் அவள்.

எங்களில் ஒருத்தி எழுந்து பதில் சொன்னாள். அவ்வளவு ஆபத்தான இடத்தில், அத்தனை ஆண்டுகளில், நூற்றுக்கணக்கானோர் வேலை செய்தும் இறந்தவர் மூவரே என்பது ஆச்சரியம் என்றாள். குட்வின் வழியிலும் பாறையும் வேட்டும் இருந்திருக்கும், அங்கே யாரும் இறந்திருக்க மாட்டார்கள் என்று எவரால் உறுதி கூற முடியும் என்றும் கேட்டாள். இரண்டும் நியாயமான பதில்கள்தாம். ஆனாலும், 'மூவரே' என்று அவள் சொன்ன அந்த ஏகாரம் எங்கள் காதிலேயே சரியாக விழவில்லை. சிஸ்டர் தீர்ப்புச் சொல்வார்கள் என்று பார்த்தோம். அவர்கள் கரும்பலகையில் ஒரு பக்கம் 15 என்றும், மறுபக்கம் 1 என்றும், அதற்குக் கீழே 3 என்றும் எழுதினார்கள். மணி அடித்துவிட்டது.

அதன்பின் எங்களுக்குள் பலமுறை பேசியாயிற்று. விண்ட் சொன்னது தவறென்று இன்றும் நாங்கள் நினைக்கவில்லை. குட்வினின் சாலை முடிந்திருந்தால் அந்தப் பள்ளத்தாக்கு நிரந்தரமாகக் கீறப்பட்டிருக்கும். மேலும், பெரிய சாலை ஒன்றே போதும் என்று மேத்தர் நினைத்ததும் நிலைத்துவிட்டது. பூங்காவின் நடுவே மலைத்தொடரைக் கடக்கும் சாலை இதைத் தவிர வேறில்லை. ஆனால் மலையைக் காயப்படுத்தக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியவர்கள், கயிற்றில் தொங்கியவனுக்காக எத்தனை வரி எழுதினார்கள் என்ற கேள்வி எங்களை விடவில்லை. அழகான பொருள் எதைப் பார்த்தாலும் இப்போது இந்தக் கேள்வி வந்து தொலைக்கிறது. தஞ்சைக் கோபுரத்துப் படத்தைப் பார்த்தபோதும் வந்தது.

சாலையின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். மொத்த நீளம் ஏறத்தாழ 50 மைல். முழுவதும் தார்போட்டு முடிந்தது 1952-ஆம் ஆண்டில்தான். 1930-களின் பிற்பகுதியில், மேற்கூரையைச் சுருட்டி விடக்கூடிய சிவப்பு நிறப் பேருந்துகள் 33 வாங்கப்பட்டன. மலையேற்றத்தில் அவற்றின் கியர் கடகடவென்று சத்தமிடுமாம். பழுதாகிவிட்டதால் 1999-இல் நிறுத்தப்பட்ட அவை, புதுப்பிக்கப்பட்டு 2002-இல் மீண்டும் ஓட வந்தன. எண்பது வயதைத் தாண்டிய பேருந்துகள்! நம் ஊர்ப் பேருந்துகளைப் பற்றி நாம் ஒன்றும் சொல்லாமல் இருப்பதே நல்லது.

ஒரு விந்தையையும் கவனியுங்கள். லோகன் கணவாயின் உயரம் நம் உதகமண்டலத்தின் உயரத்தைவிடக் குறைவு. உதகையில் மார்கழி மாதத்து விடியற்காலையில் புல்நுனியில் உறைபனி படிந்தாலே செய்தித்தாளில் படம் போடுகிறார்கள். அங்கேயோ, கணவாய்க்குச் சற்றுக் கிழக்கே காற்று கொண்டுவந்து குவிக்கும் பனி சில ஆண்டுகளில் 80 அடி உயரத்தை எட்டுகிறது. எட்டு மாடிக் கட்டடம் என்று வைத்துக்கொள்ளலாம். உயரம் மட்டுமே குளிரைத் தீர்மானிப்பதில்லை, நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதும் தீர்மானிக்கிறது என்று பாடத்தில் படித்தோமே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. உதகை இருப்பது வடக்கே 11-ஆம் பாகையில், கணவாய் இருப்பது ஏறத்தாழ 49-ஆம் பாகையில். வசந்த காலம் வந்ததும் பனியை வாரத் தொடங்குகிறார்கள். பத்து வாரம்போல ஆகிறது. பனிக்கடியில் சாலை எங்கே இருக்கிறது என்று தேடித்தான் வார வேண்டும். பெரும்பாலும் ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ பாதை திறக்கும், அக்டோபரில் மூடிவிடும். ஆண்டில் நான்கு மாதம் கூட முழுதாகப் பயன்படாத சாலைக்காகவா இவ்வளவும் என்று எங்கள் எதிர்க்கட்சி கேட்டிருக்கலாம். கேட்க மறந்துவிட்டார்கள்.

கணவாயில் பெய்யும் மழைத்துளிக்கும் ஒரு கதை உண்டு. ஓர் அடி மேற்கே விழுந்தால் அது பசிபிக் பெருங்கடலுக்குப் போகிறது. ஓர் அடி கிழக்கே விழுந்தால் செயின்ட் மேரி ஏரியில் இறங்கி, வடக்கே திரும்பி, கனடாவைக் கடந்து அட்சன் விரிகுடாவை அடைகிறது. தேர்வில் கேட்டால் அட்லாண்டிக் என்று எழுதிவிடாதீர்கள்.

கிழக்குச் சாலையில் வண்டியை நிறுத்திப் பனியாறு ஒன்றைப் பார்க்கவென்றே ஓரிடம் இருக்கிறது. அதன் பெயர் ஜாக்சன் பனியாறு. பூங்காவுக்குப் பெயர் தந்தவையே பனியாறுகள்தாம். 1850-ஆம் ஆண்டளவில் அங்கே 150 போலப் பனியாறுகள் இருந்தனவாம். 2015-ஆம் ஆண்டில் கணக்கெடுத்தபோது, பனியாறு என்று சொல்லத்தக்க அளவுள்ளவை 26. உலகம் வெப்பமடைவதே காரணம் என்கிறார்கள். மலைமுகத்தில் கீறல் விழக்கூடாது என்று பதினைந்து வளைவைத் தவிர்த்தவர்கள், மலைமேல் உள்ள பனியே உருகிப்போகும் என்று நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். கோடைகளில் கூட்டமும் தாங்க முடியாததாகி, 2021-ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள், முன்பதிவு செய்த வண்டிகளை மட்டுமே அனுமதிக்க வேண்டியதாயிற்று. காரை இரயிலில் ஏற்றியவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது காரை நிறுத்த இடம் தேடி அலைகிறார்கள்.

இவ்வாண்டு பள்ளிக் கண்காட்சியில் நாங்கள் வைத்த களிமண் மலைகள் இரண்டையும் பலர் பார்த்திருப்பீர்கள். ஒன்றில் குட்வினின் பதினைந்து வளைவு. மற்றொன்றில் விண்டின் ஒரே வளைவு. இரண்டாவது மலையின் அடியில் மூன்று சிறு கூழாங்கற்கள் கிடந்தனவே, அவை தவறி விழுந்தவை அல்ல. எங்கள் குவாரித் தோழி வைத்தவை. எங்களைக் கேட்டுக்கொண்டுதான் வைத்தாள்.

ஆறாம் வகுப்புச் சிறுமியர் வந்து, எங்கள் விளக்கம் எதையும் கேட்காமல், சாலைகளில் கோலிக்குண்டுகளை உருட்டிப் பார்த்தார்கள். ஒரே வளைவுள்ள சாலையில் குண்டு சாதுவாக அடிவாரம் வரை வந்தது. பதினைந்து வளைவுள்ளதிலோ இரண்டாவது வளைவிலேயே துள்ளி வெளியே ஓடியது. அதனால் அவர்களுக்குப் பதினைந்து வளைவுதான் பிடித்துப்போயிற்று, கூட்டமெல்லாம் அங்கேதான். கிழக்குக் குகைப்பாதை மட்டும் இரண்டு முறை இடிந்து விழுந்துவிட்டது. மூன்றாம் முறை உள்ளே ஒரு காலித் தீப்பெட்டியைச் செருகிக் களிமண் பூசினோம். அதற்குப் பிறகு மாலை வரை நின்றது.